‘ஆல்கஹால் இல்லாதது’ என்றால் ஆபத்தில்லாததா?

ஆப்செட் அச்சில் மைக்கு முன்னால் பிளேட்டில் ஏறுவது தண்ணீர். எழுத்தும் படமும் இல்லாத இடங்களை அது மெல்லிய படலமாக மூடினால்தான் அங்கே மை ஒட்டாது. வெறும் தண்ணீர் அப்படிப் பரவாமல் திரண்டு நிற்கும். அதனால் பவுண்டன் சொல்யூஷன் எனப்படும் இந்தத் தண்ணீரில் கொஞ்சம் அமிலமும் கோந்தும் சேர்க்கிறார்கள். கூடவே பல அச்சகங்களில் பத்து சதவீதம் அளவுக்கு ஐ.பி.ஏ. என்கிற ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் சேர்கிறது. இது தண்ணீரைப் பரப்பும், சற்றே கெட்டியாக்கும், ஆவியாகும்போது ரோலரைக் குளிர்விக்கும். ரோலர் அழுத்தம் சரியில்லாவிட்டாலும் அந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். மிஷின்மேன்கள் இதை எளிதில் விடாததற்குக் காரணம் அதுதான்.

2020-இல் கொரோனா வந்தபோது உலக சுகாதார நிறுவனம் சொன்ன இரண்டு கை சானிடைசர் தயாரிப்பு முறைகளில் ஒன்றுக்கு இதே ஐ.பி.ஏ. தேவைப்பட்டது. சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது. ஆல்கஹால் இல்லாத மாற்றுகளைப் பல அச்சகங்கள் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். விலைக்கு அஞ்சி மாறினாலும் மாற்றம் நல்லதே. ஐ.பி.ஏ.வின் தீப்பற்றுநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். சிவகாசி அச்சகம் எதிலும் வெப்பம் எப்போதும் அதற்கு மேல்தான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தீப்பொறியைத் தேடிப் போகும்.

ஆனால் கேனில் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மாற்றுகள் பலவற்றில் இருப்பது 2-பியூட்டாக்ஸிஎத்தனால் போன்ற கிளைக்கால் ஈதர்கள். இவை மெதுவாகவே ஆவியாகும், தீ ஆபத்தும் குறைவு. அதே சமயம் தோல் வழியாக உடம்புக்குள் போகும். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் எட்டு மணி நேரக் காற்று வரம்பு ஐ.பி.ஏ.வுக்கு பத்து லட்சத்தில் 200 பங்கு. 2-பியூட்டாக்ஸிஎத்தனாலுக்கு வெறும் 20. பூஞ்சை வராமல் தடுக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன்களால் சிலருக்குக் கையில் ஒவ்வாமைப் புண்ணும் வரும்.

சட்டப் பட்டியலில் ஒரு பொருள் இல்லை என்பதற்காக அதைப் பாதுகாப்பானதாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஒசாகா சாட்சி. அங்கே காற்றோட்டம் குறைந்த ஒரு புரூப் அச்சகத்தில் இளம் வயதுத் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-இல் வெளியே தெரிந்தது. காரணமாகச் சுட்டப்பட்டது பிளாங்கெட் என்னும் ரப்பர் விரிப்பைத் துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரொப்பேன். அன்றைய ஜப்பானியக் கரைப்பான் விதிகளில் அது இடம்பெறவே இல்லை. 2014-இல்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக அறிவித்தது. அது பவுண்டன் சொல்யூஷன் அல்லதான். ஆனால் இரண்டையும் கையாள்வது ஒரே கை.

ஆகவே வியாபாரியிடம் விலையோடு பாதுகாப்புத் தரவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். ஐ.பி.ஏ.வை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம்: முதலில் ரோலர் அழுத்தத்தையும் தண்ணீரின் கடினத்தன்மையையும் சரிபார்த்துவிட்டு, பத்திலிருந்து எட்டு, பிறகு ஐந்து என்று குறைக்கலாம். பவுண்டன் சொல்யூஷன் தொட்டியைக் குளிரவைத்தால் ஆவியாவது குறையும். கலக்குபவருக்கு நைட்ரைல் கையுறையும், அச்சுக்கூடத்துக்கு வெளிக்காற்றை இழுத்து வரும் விசிறியும் அச்சகத்தின் செலவிலேயே வர வேண்டும்.