இன்ஜினில் 10 குதிரை... தண்ணீரில் எத்தனை?

பழவேற்காட்டில் புது இன்ஜின் வாங்கும் மீனவர் முதலில் கேட்பது, ‘எத்தனை எச்.பி?’ என்பதைத்தான். 10 எச்.பி இன்ஜினைப் படகில் பூட்டினால், அந்தப் பத்துக் குதிரைகளும் சேர்ந்து படகைத் தள்ளுமா? தள்ளாது. பாதி மிஞ்சினாலே பெரிய விஷயம். மீதி எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், டீசல் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

ஒரு குதிரை என்பது எவ்வளவு?

75 கிலோ எடையை ஒரே விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் திறன்தான் ஒரு குதிரைத்திறன். 18-ம் நூற்றாண்டில் தன் நீராவி இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாடிக்கையாளர்களுக்குப் புரியவைக்க, ஜேம்ஸ் வாட் இந்த ஒப்பீட்டைப் பிரபலமாக்கினார். பேர் நிலைத்துவிட்டது.

ஊற்றும் டீசலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினைச் சுழற்றும் சக்தியாகிறது. மற்றதெல்லாம் புகையாகவும் வெப்பமாகவும் போய்விடும். இன்ஜின் மீது எழுதியிருக்கும் எச்.பி, இந்த இழப்புக்குப் பிறகு மிஞ்சிய கணக்கு. அதற்குப் பிறகும் வழியில் ‘டோல்கேட்’கள் இருக்கின்றன.

தண்ணீர் வாங்கும் சுங்கம்

முதல் டோல்கேட் கியரும் ஷாஃப்டும். பல்லோடு பல் உரசும் இடத்திலும், ஷாஃப்ட் சுழலும் ஒவ்வொரு பேரிங்கிலும் ஓரிரு சதவிகிதம் சூடாக மாறிவிடும். பத்தில் அரைக் குதிரை இங்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய இழப்பு அடுத்தது... புரொப்பல்லர். பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளுபவரைக் கவனித்தால் காரணம் புரியும். கழி தரையில் ஊன்றுகிறது. தரை விலகாது, படகுதான் நகரும். புரொப்பல்லர் ஊன்றுவதோ தண்ணீரில். தண்ணீர் பின்னால் நழுவிக்கொண்டே இருக்கும். அதனால், நல்ல நிலையில் இருக்கும் சிறிய புரொப்பல்லரே தனக்கு வரும் சக்தியில் பாதி அளவைத்தான் தள்ளுவிசையாக மாற்றும். ஒன்பதரைக் குதிரை இப்போது ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது!

பழவேற்காட்டின் தனிச் சிக்கல்

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆனால், ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆழமில்லாத தண்ணீரில் படகின் பின்பக்கம் அமுங்கி இழுவை கூடும். சுழலும் விசிறி சேற்றையும் மணலையும் கிளறும். அந்த மணலே இறக்கைகளின் ஓரத்தை அரித்துவிடும். அறுந்த வலையோ பிளாஸ்டிக்கோ சுற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

லைட் ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் மீனவர்கள் ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டதன் அருமை இங்கேதான் தெரிகிறது. மணல் சேர்ந்து அலை உடையும் அந்த இடத்தைக் கடக்கும்போது, இன்ஜினில் எழுதியிருக்கும் குதிரையால் பயனில்லை. தண்ணீரைத் தள்ளும் குதிரைதான் படகையும் ஆட்களையும் காப்பாற்றும்.

சாலையிலும் இதே கதை

கரைக்கு வந்த மீன், பொன்னேரிக்கும் சென்னைக்கும் சக்கரத்தில் போகிறது. சாலை தண்ணீர்போல நழுவாது என்பதால் இழப்பு குறைவு. கிளட்ச், கியர், செயின் என எல்லாம் சேர்ந்து பொதுவாக 10 முதல் 15 சதவிகிதம். ஆனால், மீன்கூடை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் இருப்பதே நாலு குதிரையும் சொச்சமும்தான். உப்புக்காற்றில் துருப்பிடித்துக் காய்ந்த செயினும் காற்றுக் குறைந்த டயரும் அதிலும் பங்கு கேட்கும்.

என்ன செய்யலாம்?

* வளைந்த, ஓரம் தேய்ந்த புரொப்பல்லரைச் சரிசெய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். பெரிய இன்ஜினைவிடச் செலவு குறைவு.
* பேரிங் வழக்கத்தைவிடச் சுட்டால், சக்தி அங்கே கசிகிறது என்று அர்த்தம். கிரீஸ் வையுங்கள்.
* படகின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டிவிடுங்கள்.
* மிதமான வேகத்தில் போகும் படகுக்குத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அவசரமில்லாதபோது வேகத்தை 10 சதவிகிதம் குறைத்தால், தேவைப்படும் சக்தி சுமார் 27 சதவிகிதம் குறையும்.
* புதிதாக வாங்கும்போது எச்.பி-யை எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். அவுட்போர்டு மோட்டார்களில் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்டில் அளந்த கணக்கைச் சொல்வார்கள். மற்ற இன்ஜின்களில் இன்ஜினிலேயே அளந்ததாக இருக்கலாம். இரண்டு ‘10 எச்.பி’யும் ஒன்றல்ல.

அடுத்த முறை படகு இழுக்கவில்லை என்று தோன்றினால், கூடுதல் குதிரை வாங்கக் கடன் கேட்கும் முன், இருக்கும் குதிரைகள் எங்கே தொலைகின்றன என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்!