முதலில் வீடு, பிறகு பயணம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சித்திரை, வைகாசி வந்தால் பல குடும்பங்களுக்கு இரட்டை வேலை. வீடு மாற வேண்டும். ஊருக்கும் போக வேண்டும்!

ஏன் இந்த நெருக்கடி? ஆனி, ஆடியில் குடிபோகக் கூடாது என்பது வழக்கம். பள்ளி விடுமுறையும் அதற்கு முன்புதான்.

இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் அவதிப்படுவது யார்? வீட்டுப் பெண்தான்! வெயிலில் சாமான் கட்டுவாள், பிரித்து அடுக்குவாள், மறுநாளே பயணத்துக்குப் பலகாரமும் சுடுவாள். அவளுக்கு ஏது விடுமுறை?

ஆகவே முதலில் வீடு மாறுங்கள். இது வறண்ட பூமி. வாடகை பேசும் முன் தண்ணீர் வசதியைப் பாருங்கள்.

பள்ளி மாறும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் கலங்காதீர்கள். 8-ம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

புது வீட்டில் அடுப்பு எரியட்டும். நாலு நாள் கழித்து ரயில் ஏறுங்கள். அப்போதுதான் அம்மாவுக்கும் அது விடுமுறை!