துப்பாக்கியின் முன் நிறுவனங்கள்

ஆண்டுதோறும் ஒக்டோபர் 21ஆம் நாள் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில், 1987இல் அங்கு கொல்லப்பட்டோர்க்கு விளக்கேற்றி அஞ்சலி செலுத்தப்படுகின்றது. மாண்டோரை நினைவுகூர்தல் கடமை என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், அஞ்சலியோடு அக்கடமை நிறைவெய்திவிடுகின்றது என்ற எண்ணம் கண்டனத்துக்குரியது. ஆயுதம் தாங்கியோர் உட்புகுந்து சுடத் தொடங்கினால் யார் முடிவெடுப்பது, யார் எவ்வழியாக வெளியேறுவது, நடக்க இயலாதோரை யார் காப்பது ஆகிய வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணாத நிறுவனம், அது வைத்தியசாலையாயினும் பாடசாலையாயினும் பல்கலைக்கழகமாயினும், அந்நாளிலிருந்து எதையும் கற்றதாகக் கூற முடியாது.

நிகழ்ந்தது யாதென நோக்குதல் தகும். 1987 ஒக்டோபர் 10ஆம் நாள் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டது. மறுநாள் இரவே திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகம் போர்க்களமாயிற்று. தீபாவளித் தினமாகிய 21ஆம் நாள் வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்தன. பிற்பகலில் இந்தியப் படையினர் சுட்டவாறே உட்புகுந்தனர். கதிர்ப்படப் பிரிவு முதலிய இடங்களில் அடைக்கலம் தேடித் திரண்டிருந்தோர் அவ்விடங்களிலேயே சுடப்பட்டனர்; கைக்குண்டும் வீசப்பட்டது. உயிர் தப்பியோர் பிணங்களுக்கிடையே அசைவற்று இரவு முழுவதும் கிடந்தனர். மறுநாட் காலை, குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்தியவாறு, தாம் வைத்தியர் என அறிவித்துக்கொண்டு தாதியருடன் நடந்து வந்தார். அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியர்களான பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகியோர் உட்படப் பணியாளர் 21 பேரும், நோயாளருமாக ஏறத்தாழ 70 பேர் மாண்டனர்.

இக்கொலைகளின் பொறுப்பு சுட்டவர்களையும் அவர்களுக்குக் கட்டளையிட்டவர்களையுமே சாரும். ஆயத்தம் பற்றிய எந்த வாதமும் அப்பொறுப்பைக் கொல்லப்பட்டோரின் தலையில் ஏற்றுவதற்குக் கருவியாகக் கூடாது. ஆயினும், குற்றவாளி யார் என்பது வேறு. மீண்டும் அத்தகையதொரு நாள் வந்தால் செய்யத்தக்கது யாது என்பது வேறு. முதலாவதைப் பேசிப் பேசியே இரண்டாவதைத் தட்டிக்கழிப்பது யாழ்ப்பாணத்து அறிவுலகத்தின் பழக்கமாகிவிட்டது. இப்பழக்கத்துக்கு மூன்று சாட்டுகள் துணைநிற்கின்றன.

‘ஆயுதமற்றவரால் என்ன செய்ய முடியும்?’ என்பது முதலாவது சாட்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’, அன்று போராளிகள் வைத்தியசாலை வளாகத்தினுள் நின்றதையும், அவர்களை வெளியேறுமாறு வைத்தியர்கள் வேண்டியதையும் பதிவுசெய்கின்றது. எறிகணை விழும் வேளையில் தனிமனிதர் துணிந்து கேட்டதை, நிறுவனம் முன்னரே கேட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்ற பாடம் அதிலுண்டு. அது இயலாத காரியமன்று. மூன்றாண்டுகளின் பின், 1990இல், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் முயற்சியால் இதே வைத்தியசாலையைச் சூழ்ந்து ஒரு பாதுகாப்பு வலயம் போரிட்ட இரு தரப்பினரின் உடன்பாட்டுடன் அமைந்தது. ஆயுதம் உள்ளே வரக் கூடாது என்ற விதியை, ஆயுதமில்லாதோர் பேசிப் பெற்றனர்.

திடீர்த் தாக்குதலிலும் இதுவே உண்மை. 2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு மும்பாயின் காமா வைத்தியசாலையினுள் துப்பாக்கிதாரிகள் இருவர் புகுந்தபோது, அஞ்சலி குல்தே என்ற தாதி கதவுகளை அடைத்து, விளக்குகளை அணைத்து, கர்ப்பிணிப் பெண்கள் 20 பேரைச் சிறியதோர் அறைக்குள் ஒதுக்கினார். அவர்களுள் எவரும் சாகவில்லை. அதே இரவில் அந்நகரின் பெரிய புகையிரத நிலையத்தில், விஷ்ணு செண்டே என்ற அறிவிப்பாளர் ஒலிபெருக்கி வழியே பயணிகளைப் பின்வாயிலுக்கு வழிப்படுத்தி உயிர்கள் பலவற்றைக் காத்தார். தாழ்ப்பாளும் மின்னாளியும் ஒலிபெருக்கியும் எந்த நிறுவனத்திலும் உள்ளவையே.

‘அது போர்க்காலம், போர் 2009இல் முடிந்தது’ என்பது இரண்டாவது சாட்டு. போர் முடிந்து பத்தாண்டு நிறைவதற்குள், 2019 ஏப்ரல் 21இல், இத்தீவின் தேவாலயங்களும் விடுதிகளும் குண்டுகளால் சிதறின. போரே இல்லாத வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16ஆம் நாள் 32 பேர் கொல்லப்பட்டனர். அங்கு முதல் இருவர் சுடப்பட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரே மாணவர்க்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அதன் பின்னர் எஞ்சிய முப்பதின்மர் மாண்டனர். செல்வமும் தொழில்நுட்பமும் மிக்கதொரு நிறுவனத்தில் எச்சரிக்கை இவ்வளவு தாமதித்தது எனில், ஆயத்தமே செய்யாத நிறுவனங்களின் நிலை கூறாமலே விளங்கும்.

மூன்றாவது சாட்டே மிகவும் ஆபத்தானது: ‘பாதுகாப்பைப் படையினரிடம் விட்டுவிடலாம்; வாயிலில் காவலும் கமராவும் போதும்.’ கென்யாவின் கரிஸ்ஸா பல்கலைக்கழகக் கல்லூரியில் 2015 ஏப்ரல் 2ஆம் நாள் 148 பேர் கொல்லப்பட்டனர். விசேட படைப்பிரிவு வந்து சேரப் பல மணி நேரமாயிற்று. அவ்விடைவேளையில் உயிரைக் காப்பது உள்ளே இருப்போரின் அறிவு மட்டுமே. யாழ்ப்பாணத்திலோ, வைத்தியசாலைக்குள் நுழைந்த துப்பாக்கியே சீருடை அணிந்திருந்தது. 2019 மே மாதத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேடுதலோ, மாணவர் தலைவர்கள் ஒரு படத்தின் பொருட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாவதில் முடிந்தது. பாதுகாப்பு என்ற பெயரால் சந்தேகத்தை வளர்ப்பது ஆயத்தமன்று. மாணவர் அஞ்சும் வாயிலில், ஆபத்தை முன்னறிந்த மாணவனும் வாய் திறவான்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு வேண்டாதவை. முதலாவதாக, நெருக்கடியில் முடிவெடுப்பவர் ஒருவர் பெயரால் குறிக்கப்பட வேண்டும். அவர் இல்லாதபோது அடுத்தவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். துணைவேந்தரின் அனுமதி வரும்வரை காத்திருக்கும் எச்சரிக்கை எச்சரிக்கையன்று. இரண்டாவதாக, அறிவிப்பு தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒலிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சிங்கள மாணவரும் பயில்கின்றனர். மூன்றாவதாக, விரிவுரை மண்டபக் கதவுகள் உள்ளிருந்து பூட்டத்தக்கனவாக வேண்டும். பின்கதவைப் பூட்டித் திறப்பை எவரோ ஒருவரின் மேசையில் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நான்காவதாக, குருதிப் பெருக்கை நிறுத்தும் முதலுதவி சிற்றூழியர் வரை அனைவர்க்கும் கற்பிக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, தப்பியோரின் பெயர்களைக் கணக்கெடுத்தல், குடும்பத்தினர்க்கு அறிவித்தல், உளநலப் பராமரிப்பு ஆகியவையும் திட்டத்தினுள் அடங்க வேண்டும்.

ஒத்திகையும் வேண்டும், ஆயின் அது முன்னறிவித்து நடத்தப்பட வேண்டும். 2015 நவம்பரில் நைரோபியின் ஸ்ட்ரத்மோர் பல்கலைக்கழகத்தில் முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்ட ஒத்திகையை உண்மைத் தாக்குதலென நம்பியோர் மாடிகளிலிருந்து குதித்தனர். பணியாளர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். போரின் ஓசையை உடலில் சுமக்கும் மக்கள் வாழும் குடாநாட்டில், நாடகத்துக்காக வெடியோசை எழுப்புவது கொடுமையாகும்.

இவை புதுமையான கோரிக்கைகளுமல்ல. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், வெள்ளத்தையும் சூறாவளியையும் மட்டுமன்றி, வெடிப்பையும் உள்நாட்டுக் கலவரத்தையும் அனர்த்தமெனவே வகுத்தது. அமைச்சுகளும் திணைக்களங்களும் அரச கூட்டுத்தாபனங்களும் திட்டம் வரைய வேண்டுமெனவும் விதித்தது. சட்டம் பிறந்த பின்னும் ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லை’ எனக் கூறும் நிர்வாகம், சோம்பலுக்கு அப்பாவித்தனம் என்று பெயரிடுகின்றது.

ஆகவே, இனிவரும் ஒக்டோபர் 21களில், மாண்டோரின் பெயர்களை வாசித்த பின் மற்றொன்றும் வாசிக்கப்படட்டும்: கடந்த ஓராண்டில் எத்தனை கதவுகள் திருத்தப்பட்டன, எத்தனை பேர் முதலுதவி பயின்றனர், முடிவெடுப்பவராக யார் நியமிக்கப்பட்டுள்ளார் என்ற அறிக்கை. அவ்வறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமை மாணவர்க்கும் ஊழியர்க்கும் உண்டு. வாசிப்பதற்கு எதுவுமில்லாத நிர்வாகம் அச்சபையிலேயே நின்று அதனை ஒப்புக்கொள்ளட்டும்.