வேலையை விடலாமா?

திருப்பூர், பனியன் நகரம். அங்கே தைக்கும் உடைகளில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமாக ஏறியது. ஆர்டர்கள் குறைந்தன. சில கம்பெனிகளில் ஷிப்டும் குறைந்தது. கடல் கடந்த நாட்டில் போட்ட வரி, இங்கே டெய்லரின் வாரச் சம்பளத்தைத் தொட்டுவிட்டது!

இப்படிப்பட்ட சமயங்களில் தொழிலாளர் வீடுகளில் ஒரு கேள்வி எழும்.

"கம்பெனி அனுப்புவதற்கு முன்னால் நாமே நின்றுகொண்டால் என்ன?"

ரோஷத்தில் முடிவு செய்யும் காரியம் அல்ல இது. கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியது.

கையெழுத்துக்கு முன்...

ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆள்குறைப்பு என்று அனுப்பினால், ஒரு மாத நோட்டீசு அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது.

தானாக விலகியவருக்கு இந்த நஷ்டஈடு கிடையாது.

ஆகவே, "ராஜினாமா எழுதிக் கொடு" என்று கேட்டால் அவசரப்படக் கூடாது. சங்கத்திலோ, தொழிலாளர் துறை அலுவலகத்திலோ விசாரித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

பொறுத்தால் கிடைப்பது

ஐந்து ஆண்டு முடித்து விலகுபவருக்குப் பணிக்கொடை உண்டு. இத்தனை காலம் என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்கு, புதிய சட்டப்படி ஓர் ஆண்டு போதும்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 600 ரூபாய். 15 நாளுக்கு 9,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 45,000 ரூபாய்!

நாலரை ஆண்டு உழைத்தவர் கோபத்தில் நின்றுவிட்டால், ஆறு மாதப் பொறுமை இல்லாமல் இந்தப் பணத்தை இழக்க நேரிடும்.

பி.எப். பென்சனுக்குப் பத்து ஆண்டு சர்வீசு வேண்டும். புது வேலைக்குப் போகிறவர் பழைய பி.எப். கணக்கை அங்கே மாற்றிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் சேர்ந்துவரும்.

எப்போது விடலாம்?

மாதக்கணக்கில் சம்பளம் வராத இடம், உயிருக்கு ஆபத்தான இடம், பெண்களின் மானத்துக்குப் பங்கம் வரும் இடம்: இங்கெல்லாம் "பொறுத்துப் போ" என்று சொல்வது நியாயம் ஆகாது. விலகுவதே நல்லது. விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை விட வேண்டாம். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளில் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

மற்றவர்கள், புது வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த பிறகு பழைய வேலையை விடலாம். வாய் வார்த்தையை நம்பி ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, கடன் தவணை ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் குடும்பம் ஓடும் என்பது அதில் தெரியும். ராஜினாமாக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.