வெங்காய விலை: கப்பலுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் கிடங்கு

ஜோர்ஜ்டவுன்: வெங்காயம் விலை ஏறினால் முதலில் ஏச்சு வாங்குபவர் மளிகைக்கடைக்காரர். அவர் மொத்த வியாபாரியைக் கை காட்டுவார். மொத்த வியாபாரி இந்தியாவைக் கை காட்டுவார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கப்பலுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் கிடங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பினாங்கில் வெங்காய விலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்திய அரசு ஐந்தே ஆண்டுகளில் மூன்று முறை பெரிய வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பர் 29-இல் வந்த தடை 2020 மார்ச்சில் நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 14-இல் மீண்டும் வந்த தடை, 2021 ஜனவரி 1 முதல் விலகியது. 2023 ஆகஸ்ட்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரியும், டிசம்பர் 8-இல் முழுத் தடையும் வந்தன. 2024 மே மாதம் தடை நீங்கியபோதும் டன்னுக்குக் குறைந்தது 550 அமெரிக்க டாலர் என்ற விலை நிபந்தனையும் 40 விழுக்காடு வரியும் இருந்தன. செப்டம்பரில் வரி 20 விழுக்காடாகக் குறைந்து, 2025 ஏப்ரல் 1 முதல் முற்றாக நீக்கப்பட்டது.

இந்தியாவின் நியாயம் இந்தியாவுக்கு. மகாராஷ்டிராவில் மழை தவறினாலும் மிஞ்சினாலும் உள்ளூர் விலை எகிறும். தேர்தல் நெருங்கினால் அது ஆட்சியையே அசைக்கும். பினாங்கு வியாபாரிக்கு இடி, தடையைவிட அது வரும் வேகம்தான். அறிவிப்பு வந்த கையோடு அது நடப்புக்கு வந்துவிடுகிறது.

அப்படியென்றால் முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்கலாமே என்று கேட்கலாம். அரிசி, பருப்பு என்றால் அது நடக்கும். வெங்காயம் மூச்சு விடும் பொருள். காற்றோட்டம் இல்லாவிட்டால் மூட்டைக்குள்ளேயே வியர்த்து, முளைத்து, அழுகத் தொடங்கும். நம் ஊர் ஈரப்பதம் அதற்குப் பகை. 40 அடி கொள்கலன் ஒன்றில் சுமார் 28 டன் வெங்காயம் வரும். அதில் பத்தில் ஒரு பங்கு அழுகினால் 2,800 கிலோ குப்பைக்குப் போகும். அந்த நட்டத்தை மீதமுள்ள 25,200 கிலோதான் சுமக்க வேண்டும். லாபம் ஒரு காசு கூடாமலேயே கிலோ விலை 11 விழுக்காடு ஏறிவிடும். நல்ல கிடங்கு இல்லாதவர் விற்கும் விலையில் இந்த அழுகலின் விலையும் சேர்ந்தே இருக்கிறது.

இந்தியக் கதவு அடைபட்டால் வியாபாரிகள் சீனா, பாகிஸ்தான், நெதர்லாந்து எனத் திரும்புகிறார்கள். 2023 டிசம்பரில் அந்த வழியிலும் முட்டுக்கட்டை விழுந்தது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. அழுகும் சரக்குக்கு இரண்டு வாரம் சின்ன விஷயமல்ல.

கிடங்கு என்பது பினாங்குத் தமிழர்களுக்குப் புதிய சொல் அல்ல. மலாயில் ‘குடாங்’, ஆங்கிலத்தில் ‘கோடவுன்’, செட்டியார்களின் ‘கிட்டங்கி’ எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். லெபோ பினாங்கில் செட்டியார்கள் கிட்டங்கிகளில் இருந்தபடி கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். பக்கத்தில் கடைத்தெரு என்று தமிழர்கள் அழைத்த லெபோ பசாரில் நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மொத்த வியாபாரம் செய்தார்கள். சரக்கு படகில் வந்து இறங்கும். கூப்பிடு தூரத்தில் கிடங்கு. அதற்கு அடுத்த தெருவில் கடை. 1786 முதல் சுங்கவரி இல்லாத் துறைமுகமாக இருந்த தீவுக்கு இந்த நெருக்கம்தான் பலம்.

அந்த நெருக்கம் படிப்படியாகக் கலைந்தது. 1969-இல் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி பறிபோனது. கொள்கலன்கள் பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் இறங்கத் தொடங்கின. வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2000-ஆம் ஆண்டு தொடங்கியபோது பழைய கடைவீடுகளின் வாடகைப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தலமானது. அது பெருமைதான். ஆனால் மூட்டை அடுக்கிய கட்டடங்கள் பலவும் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறின. பழைய குறுகிய தெருக்களில் பெரிய லோரிகளைத் திருப்புவதும் எளிதல்ல.

விளைவு, சரக்கு பெருநிலத்தில் இறங்கி, அங்கே தங்கி, பாலம் கடந்து தீவுக்கு வருகிறது. பாலக் கட்டணம் தீவுக்குள் வரும் திசையில்தான் வசூலிக்கப்படுகிறது. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்குப் பழைய விலையே நீடித்தது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற சிறு வாகனக்காரருக்கு முழு விலை. பெரிய பேரங்காடி நிறுவனங்களுக்குச் சொந்தக் கிடங்கும் சொந்த லோரியும் இருக்கும். தனிக்கடைக்காரருக்கு இரண்டும் இல்லை.

இந்த இடைவெளியின் கடைசி முனையில் நிற்பது நிபோங் திபால், கூலிம் பக்கத்துத் தோட்டக் கடை. மொத்த வியாபாரி கொடுக்கும் கடனை நம்பி அது நடக்கிறது. அந்தக் கடை கொடுக்கும் கடனை நம்பிச் சம்பள நாள் வரை குடும்பங்கள் நடக்கின்றன. மேலே ஒருவர் ரொக்கம் கேட்டால், கீழே ஒரு வீட்டில் குழம்பில் வெங்காயம் குறையும்.

உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு பண்டிகைக் காலங்களில் அறிவிக்கும் உச்சவிலை, மொத்த விற்பனைக்கும் சில்லறை விற்பனைக்கும் பொருந்தும். கொள்ளை லாபத்தைத் தடுக்க அது தேவை. ஆனால் அது சில நாள்களுக்கான கடிவாளம். அழுகும் மூட்டையையும் தாமதமாகும் கப்பலையும் அது தொடாது. மார்டி உருவாக்கியுள்ள பி.ஏ.டபிள்யூ. ரகச் சின்ன வெங்காயம் நல்ல தொடக்கம். எனினும் நாடு இன்னும் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது.

ஆகவே வியாபாரிகள் கையில் இருக்கும் வழி, சேர்ந்து வாங்கிச் சேர்ந்து வைப்பது. பத்துக் கடைக்காரர்கள் தனித்தனியாகப் பத்து இருட்டறைகளில் மூட்டை அடுக்குவதைவிட, பட்டர்வொர்த் அல்லது பிறையில் காற்றோட்டமுள்ள ஒரே கிடங்கைப் பகிர்ந்துகொண்டால் அழுகல் குறையும்; லோரி நடைகளும் குறையும்; இரண்டு மூன்று நாடுகளிலிருந்து மாற்றி மாற்றி வாங்கவும் முடியும். யார் பொறுப்பேற்பது, நட்டத்தை எப்படிப் பிரிப்பது என்பவை கடினமான கேள்விகள். போட்டியாளர்கள் ஒரே கூரையின் கீழ் கணக்கு வைப்பதற்கு நம்பிக்கையும் எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். வர்த்தகச் சங்கங்கள் விருந்துக் கூட்டங்களைத் தாண்டிச் செய்யக்கூடிய வேலை இதுதான்.

இப்போது இந்தியாவில் ஏற்றுமதித் தடையும் இல்லை, வரியும் இல்லை. நடந்ததைப் பார்த்தால் இந்த அமைதி நிரந்தரம் என்று நம்ப இடமில்லை. கூரை வேயக் கோடைதான் நேரம். மழை வந்தபின் ஓலை தேடிப் பயனில்லை.