தேதியை எழுத்தில் எழுதுங்கள்

போன வருஷம் நடந்தது இது. கணினிப் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்யும் என் பேத்தி ஒருநாள் மாலை முகம் வாடி வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் 05/06 என்று அறிவிப்பில் போட்டிருந்ததாம். ஜூன் 5 என்று நினைத்து நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் போடுவார்கள். அது மே 6! ஒன்றரை வருஷ உழைப்பு. இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

"மாசத்தை எழுத்தில் போட்டால் என்ன குறைஞ்சுடும் தாத்தா?" என்றாள். நியாயமான கேள்வி.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். மாதத்தை எண்ணால் எழுதினால் எங்கள் முசே சிவப்பு மையால் அடித்துவிடுவார். பெயரைத்தான் எழுத வேண்டும். பிறகு தஞ்சையில் அரசு எழுத்தராக இருந்த காலமெல்லாம் தன்பதிவேடுதான் என் வேதம். கடிதம் வந்த நாள், பதில் போக வேண்டிய நாள் இரண்டும் தெளிவாக இல்லாவிட்டால் அந்தத் தாள் வந்தும் வராததுதான்.

இந்த மாநாடுகளைப் பற்றிப் பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற பல துறைகளில் ஆராய்ச்சி இதழில் கட்டுரை வருவதுதான் பெருமை. கணினித் துறையில் நல்ல மாநாட்டில் ஏற்கப்படுவதற்கும் அதே மதிப்பு உண்டு. ஐ.இ.இ.இ. அமைப்பின் பாதுகாப்பு மாநாடு அமெரிக்காவில் 1980 முதல் நடக்கிறது. நம் நாட்டில் 'இந்தோகிரிப்ட்' 2000-இல் கொல்கத்தாவில் தொடங்கி, அடுத்த வருஷம் டிசம்பரில் சென்னைக்கு வந்தது. இவற்றையெல்லாம் தேதிவாரியாகத் தொகுத்துத் தரும் நாள்காட்டிகள் உண்டு. ஐ.இ.இ.இ. கணினிச் சங்கத்தின் பாதுகாப்புக் குழு நடத்தும் 'சைஃபர்' மின்மடலில் அப்படி ஒன்று இருக்கிறது. மாநாடு நடத்துபவர்கள் அறிவிப்பை அனுப்பினால் அதில் சேரும்.

அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கிழவனின் விண்ணப்பம் இதுதான். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், வருஷத்தையும் விடாதீர்கள். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் வேறு, மாநாடு நடக்கும் நாள் வேறு. இரண்டையும் தனித்தனியே போடுங்கள். எந்த ஊர் நேரம் என்றும் சொல்லுங்கள். 'பூமியில் எங்கிருந்தாலும்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் மாலை ஐந்தரை மணி. இது தெரியாத பிள்ளை ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறது.

கட்டுரையைப் படித்துத் தேர்வு செய்பவர்கள் யார், தொகுப்பை வெளியிடுவது யார், கட்டணம் எவ்வளவு, மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டா என்பதையும் எழுதுங்கள். இப்போது பணம் பறிக்கவே மாநாடு நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். விவசாயம் முதல் விண்வெளி வரை எல்லாத் தலைப்பையும் அடுக்கி, அனுப்பிய இரண்டாம் நாளே 'ஏற்கப்பட்டது' என்று பதில் போட்டுக் கட்டணம் கேட்பார்கள். உண்மையான மாநாடு தன் விவரத்தை ஒளிக்காமல் சொன்னால்தான் பிள்ளைகள் பிரித்தறிய முடியும்.

"இதெல்லாம் எங்கள் இணையதளத்தில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாள்காட்டியைப் பார்க்கிறவர் நூறு மாநாடுகளில் தனக்கு எது பொருந்தும் என்று தேடுகிறார். நூறு கதவையும் தட்டச் சொல்வது முறையா? கடைசி நாளைத் தள்ளிவைத்தால் அதையும் உடனே நாள்காட்டிக்குச் சொல்ல வேண்டும். தள்ளிவைப்பார்கள் என்று உள்ளே ஆள் இருப்பவனுக்கு முன்பே தெரியும். ஆள் இல்லாதவன் அரைகுறையாக அனுப்பிவிடுகிறான், அல்லது அனுப்பாமலே விட்டுவிடுகிறான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. மேட்டூர் அணை ஜூன் 12 திறக்கும் என்பது வழக்கம். திறப்பு உண்டா இல்லையா என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் குறுவைக்கு நாற்றங்கால் போடலாம். செய்தி தாமதித்தால் தலைமடைக்காரன் எப்படியாவது சமாளிப்பான். அடி வாங்குவது கடைமடைதான். காரைக்கால்காரனான எனக்கு அது நன்றாகவே தெரியும். பெரிய நிறுவனங்களில் படிக்கிறவர்களுக்குப் பேராசிரியர் வாய்வழியாகவே தேதி வந்துவிடுகிறது. டெல்டாவின் சின்னக் கல்லூரியில் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வரி அறிவிப்பை விட்டால் வேறு வழி கிடையாது.

நம் ஓய்வூதியமே இன்று கைபேசிக்குள் வருகிறது. அதைத் திருடாமல் காக்கும் வித்தையைத்தான் இந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பேத்தி இந்த வருஷம் மறுபடி அனுப்பப் போகிறாள். கடைசி நாளை நானே என் பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறேன், மாதத்தை எழுத்தில்.