பரிசில் கேட்பது இழிவன்று

ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எழுத்தர் வேலை, ஆய்வு என்பது பணம் வந்தபின் தொடங்குவது என்றோர் எண்ணம் நம் தமிழ்த்துறைகளில் வேரூன்றிவிட்டது. முதுகலை முடித்த மாணவர் வந்து கேட்டால், மூத்தவர் ஒருவரின் பழைய திட்டவரைவைக் கொடுத்து, ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். நிராகரிக்கப்பட்டதும், 'சிபாரிசு இல்லாமல் எங்கே கொடுப்பார்கள்' என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறோம்.

சிபாரிசு எங்குமே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தலைப்பு: தி. ஜானகிராமன் நாவல்களில் பெண் பாத்திரங்கள். நோக்கம்: பெண் பாத்திரங்களை ஆராய்தல். கருதுகோள்: ஜானகிராமன் பெண் பாத்திரங்களைச் சிறப்பாகப் படைத்துள்ளார். அணுகுமுறை: விளக்கமுறை, பகுப்பாய்வு, தேவையான இடங்களில் ஒப்பீடு. முதல் இயல்: ஆசிரியரின் வாழ்வும் படைப்பும். இதில் கேள்வி எங்கே? முன்பே முடிவு கட்டிவிட்ட ஒன்றை நிறுவுவதற்குப் பொதுப்பணத்தை ஏன் தரவேண்டும்?

அதே ஆர்வத்தை வேறுவிதமாகவும் எழுதலாம். 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்து பின்னர் நூலாயிற்று. தொடரின் யமுனாவும் நூலின் யமுனாவும் ஒருவர்தாமா? வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்க வைக்கவேண்டிய கட்டாயம் அப்பாத்திரத்தின் வார்ப்பில் தடம் பதித்திருக்கிறதா? இப்படிக் கேட்ட மறுகணமே விண்ணப்பத்தின் ஏனைய பகுதிகள் தாமே உருப்பெறுகின்றன. அந்த இதழ்கள் எந்த நூலகத்தில், எத்தனை உள்ளன என்று முன்பே விசாரிக்க வேண்டும்; அதுவே ஆய்வு எல்லை. இரண்டு பாடங்களையும் வரிக்குவரி ஒப்பிட வேண்டும், அதுவே முறை. எத்தனை நாள் தங்கவேண்டும், எத்தனை பக்கம் படியெடுக்க வேண்டும் என்பவையே காலத்திட்டமும் செலவு மதிப்பீடும். வேறுபாடே இல்லை எனத் தெரியவந்தாலும் அது ஒரு முடிவுதான் என்று எழுதும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத்தான் நல்ல மதிப்பீட்டாளர் தேடுகிறார்.

'நிறுவனங்களிடம் கையேந்தி எழுதப்படுவது ஆய்வா?' என்று கேட்கும் இலக்கியத் தூய்மையாளர்களுக்கும் ஒரு சொல். அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார் பெருஞ்சித்திரனார். அவர் மறுத்தது பரிசிலை அன்று, தகுதி அறியப்படாமல் வந்த பரிசிலை. என்னை எடைபோட்டுப் பார்த்துக் கொடு என்பதே அவரது கோரிக்கை. நல்ல விண்ணப்பமும் அதையே கோருகிறது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை, சுவடிகள் சிதைந்துவரும் நிலையைத் தம் பதிப்புரைகளில் கண்முன் நிறுத்தினார். 'ஏன் இப்போதே செய்யவேண்டும்' என்ற கேள்விக்கு அதைவிடச் சிறந்த விடையை எந்த விண்ணப்பத்திலும் காணமுடியாது. அதே ஆண்டில் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சா. அதற்காகப் பலரிடம் கையொப்பம் திரட்டினார். இவர்களெல்லாம் கையேந்தியவர்களா?

இதில் யாருக்கு நட்டம் என்பதையும் பார்க்கவேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என விதிக்கப்பட்டிருக்கிறது. அத்தேர்வில் தப்பியவர், வீட்டிலிருந்து பணம் வராதவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி, இவர்களுக்கு எஞ்சியிருப்பது விண்ணப்பம் ஒன்றுதான். அதை எழுதக் கற்றுத்தராமல் விடுவது அவரை ஆய்விலிருந்து வெளியேற்றுவதற்குச் சமம்.

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படையை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி இது. அதை வகுப்பில் நடத்தி மதிப்பெண்ணும் இடுகிறோம். நல்கை பெற்ற நம்மில் எத்தனை பேர் நம் விண்ணப்பத்தை இளையவர் கையில் கொடுத்து, இந்த வரி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று விளக்கியிருக்கிறோம்? வென்ற விண்ணப்பங்களோடு தோற்றவற்றையும் துறை நூலகத்தில் வைக்கட்டும். மாணவரின் வரைவை நெறியாளர் மூன்றுமுறையாவது திருத்தட்டும். வேறு துறைப் பேராசிரியர் ஒருவரும் படித்து, புரியவில்லை என்று சொல்லட்டும். இவை எதற்கும் அரசாணை தேவையில்லை.